எம்டனை ஓட்டி வந்தவர்

ராயபுரத்தில் நான் வளர்ந்த வீட்டில் தாத்தாவுக்கு இன்னொரு பெயர் எம்டன். தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டதும் பாட்டி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "எம்டன் வந்தாச்சு, போய்ப் படிங்கடா!" பாட்டிக்கு அது திட்டும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை. அவரைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் வேறு இருப்பதாக அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். சத்தமில்லாமல் வந்து நிற்பவன், எதிராளி சுதாரிப்பதற்குள் காரியத்தை முடித்துவிடுபவன், கிட்ட நெருங்க முடியாத ஆள். இத்தனை அர்த்தத்தையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது.

அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று பள்ளியில் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கப்பலுக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எம்டன் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, அந்தக் கப்பல் மெட்ராஸ் மீது குண்டு வீசியது. அந்த இரவோடு இரவாகக் கப்பலின் பெயர் தமிழுக்குள் வந்து ஓர் ஆளாக மாறிவிட்டது. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. "அன்" என்று முடிந்தால் நம் காதுக்கு அது ஆண்பிள்ளை. கந்தன், வேலன், முருகன் வரிசையில் எம்டனும் சேர்ந்துகொண்டான். பக்கத்திலேயே எமன் வேறு நிற்கிறான். அந்த நெருக்கம் பயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கும். மலையாளத்தில் "யமண்டன்" என்றால் பிரம்மாண்டமான ஒன்று. சிங்களத்திலும் எம்டன் புழங்குகிறது. ஒரே கப்பல் மூன்று மொழிகளில் சொல்லை விட்டுப் போயிருக்கிறது.

சரி, கப்பல் ஆளாகிவிட்டது. அந்தக் கப்பலை ஓட்டிய ஆள் யார்? நம் ஊரில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர். நாம் எம்டன் என்று சொல்லும் ஆளின் குணத்தில் பாதி அவரிடம் இருந்தது. மீதிப் பாதி நேர் எதிர்.

அவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர். 1873 ஜூன் 16 அன்று ஹனோவரில் பிறந்தார். அப்பா பிரஷ்ய ராணுவத்தில் கர்னல். மகன் ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு 1891இல் கடற்படையில் சேர்ந்தார். கூச்ச சுபாவம், அதிகம் பேசமாட்டார். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய போர்க்கப்பலில் வேலை பார்த்த நாட்களில் மலேரியா பிடித்தது. சாகும்வரை அது அவரை விடவில்லை. பிறகு பெர்லினில் கடற்படைத் தலைமை அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலை. 1913 மே மாதம், நாற்பது வயதை நெருங்கும்போது, எம்டனின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

எம்டன் அப்படியொன்றும் பெரிய கப்பல் இல்லை. டான்சிக் நகரில் கட்டி 1908இல் கடலில் இறக்கினார்கள். 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பத்து பீரங்கிகள். அந்தக் காலத்துப் புதுக் கப்பல்கள் டர்பைனுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இதில் பழைய பிஸ்டன் எஞ்சின். கரி போட்டு எரிக்கும் கொதிகலன்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரி தீர்ந்தால் கப்பல் நின்றுவிடும். போர் தொடங்கியபோது இந்தியாவைச் சுற்றிய கடலில் கரி ஏற்றிக்கொள்ள ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. எம்டன் செய்த ஒவ்வொரு காரியத்துக்குப் பின்னாலும் இந்தக் கரிக் கவலை இருந்தது.

1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படை பசிபிக் தீவுகளில் இருந்தது; சீனக் கரையில் நின்ற எம்டனும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. அதன் தளபதி அட்மிரல் ஷ்பே, மொத்தப் படையையும் பசிபிக் கடல் வழியாகத் தென் அமெரிக்கா பக்கம் கொண்டுபோக முடிவெடுத்தார். ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினால் பிரிட்டிஷ் வணிகத்தைக் குலைக்கலாம் என்று யோசனை சொன்னவர் முல்லர்தான். ஒற்றைக் கப்பலும், கூடவே கரி சுமந்து வர மார்க்கோமானியா என்ற சரக்குக் கப்பலும் புறப்பட்டன. திரும்பி வரமாட்டோம் என்பது கப்பலில் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அதே கடலில் சுற்றிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் யார்மத்துக்கு நான்கு. முல்லரின் துணைத் தளபதி ஹெல்முத் ஃபான் மியூக்கே ஒரு யோசனை சொன்னார்: நாமே ஒரு நான்காவது புகைபோக்கி செய்துகொள்வோம். மரச்சட்டம் கட்டி, கித்தானைச் சுற்றி நிறுத்தினார்கள். வேண்டும்போது தூக்கலாம், வேண்டாதபோது இறக்கலாம். தொலைவில் வரும் கப்பல் பைனாகுலரில் பார்த்து, நான்கு புகைபோக்கி இருப்பதை எண்ணி, "நம்ம ஆளுதான்" என்று நிம்மதியாக இருக்கும். நம் ஊர் எம்டனுக்கு இருக்கும் தந்திரக்காரன் என்ற பெயர் இந்தக் கித்தான் குழாய்க்குப் பொருந்தும்.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமட் என்று வரிசையாகக் கப்பல்கள் சிக்கின. இண்டஸில் கிடைத்த சரக்கில் சோப்புக் கட்டிகளும் இருந்தன. எம்டனில் அப்போது சோப்பு தீர்ந்துபோயிருந்தது. நாள் முழுக்க கரி அள்ளிப் போடும் மாலுமிகளுக்கு அதைவிடப் பெரிய புதையல் என்ன கிடைத்துவிடும்! டிப்ளமட்டில் இருந்தது தேயிலை. அது கடலுக்குப் போனது.

முல்லர் இதைச் செய்த விதம்தான் முக்கியம். முதலில் கப்பலை நிறுத்துவார். அதில் இருப்பவர்களைத் தங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் படகில் இறக்குவார். அப்புறம்தான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்காமல், மற்ற கப்பல்களில் பிடித்தவர்களையும் அதிலேயே ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார். இப்படி விடுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாலுமிகள் கப்பல் நகரும்போது எம்டனைப் பார்த்து ஜே போட்டிருக்கிறார்கள். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கனவான் என்று எழுதின. போர் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த நான்கு வருடத்தில் கடற்போரில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் மறைந்தது என்பது புரியும்.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம்.

உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில் அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கு எரிந்தது. 1894 முதல் 1977 வரை, மெரினாவில் இப்போதைய லைட் ஹவுஸ் வரும்வரை, மெட்ராஸுக்கு வழிகாட்டியது அந்த விளக்குதான். போர் நடந்துகொண்டிருந்தாலும் 1914 செப்டம்பர் 22 இரவு அது வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. ஊரிலும் விளக்குகள் எரிந்தன. எதிரி எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிறான் என்ற நினைப்பு. முல்லருக்கு வழி கேட்கவே தேவையிருக்கவில்லை.

குண்டு வீச்சுக்கு முன் மாலுமிகள் குளித்து, துவைத்த உடை போட்டுக்கொண்டார்கள். அடிபட்டால் காயத்தில் அழுக்கு சேரக்கூடாது என்று கடற்படைகளில் இருந்த வழக்கம் அது. இரவு ஒன்பதரை மணியளவில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் எம்டன் தேடுவிளக்கைப் போட்டது. குறி, துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். சுமார் 125 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற சரக்குக் கப்பலும் அடிபட்டது. கிளைவ் பேட்டரி பீரங்கிகள் விழித்துக்கொண்டு சில குண்டுகள் திருப்பிச் சுட்டன. எதுவும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. புறப்படும்போது எம்டன் விளக்கு எரிய வடக்கே போவதுபோலப் போக்குக் காட்டியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டது.

கிளைவ் பேட்டரி இன்றும் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். அங்கே இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில், கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில், குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பாரிமுனை நெரிசலில் அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. நான் போன அன்று பக்கத்திலேயே ஒருவர் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு முந்திய அந்தத் தேதி இருந்தது.

எண்ணெய்த் தொட்டிகளைச் சுட முல்லர் கப்பலை நிறுத்திய இடமும் கவனிக்க வேண்டியது. குறி தப்பிய குண்டுகள் நெரிசலான குடியிருப்புகளில் போய் விழாதபடி கோணம் பார்த்து நிறுத்தினார் என்று பதிவுகள் சொல்கின்றன. ஊரை அழிப்பது அவர் நோக்கமில்லை. இந்திய மக்கள் கண் முன்னால் பிரிட்டிஷாரின் மதிப்பைக் குறைக்க வேண்டும், கப்பல் போக்குவரத்தை முடக்க வேண்டும், இவைதான் காரணம் என்று அவரே பின்னர் எழுதினார். அது பலித்தது. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகர மறுத்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. மெட்ராஸில் மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். சொந்த ஊர், மாமியார் ஊர், எங்கே போக முடியுமோ அங்கே.

அதே நேரத்தில், இதை ஏதோ யாருக்கும் வலிக்காத சாகசமாக எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. அன்று இரவு குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். கோணம் பார்த்து நிறுத்தினாலும் குண்டு குண்டுதான். முல்லரின் பெயரையாவது தேடினால் கண்டுபிடிக்கலாம். அந்த ஐந்து பேரை இந்த ஊரில் யாரும் தேடுவதுகூட இல்லை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. எம்டனில் வந்தவர் செண்பகராமன் பிள்ளை, மெட்ராஸில் எங்கே சுட வேண்டும் என்று கைகாட்டியவர் அவர்தான் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புகிறார்கள். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த அந்தத் தமிழர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக உழைத்தார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எம்டன் சீனக் கரையிலிருந்து கிளம்பி, பசிபிக் தீவுகள் வழியாக வங்காள விரிகுடாவுக்கு வந்த கப்பல். அப்போது செண்பகராமன் இருந்தது சுவிட்சர்லாந்தில். பிறகு அவர் போனது பெர்லினுக்கு. நடுக்கடலில் சுற்றிக்கொண்டிருந்த கப்பலில் அவர் ஏறியிருக்க வழியே இல்லை. இருந்தும் கதை நிற்கிறது. நம் ஊரை ஒருவன் அடித்தான் என்பதைவிட, ஆங்கிலேயனை அடிக்க நம் ஆள் ஒருவர் கூட வந்தார் என்பது சொல்லவும் கேட்கவும் நன்றாக இருக்கிறது. அடிமைப்பட்டிருந்த ஊருக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. அதற்காக யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் செண்பகராமன் உண்மையில் செய்த வேலைகளே போதும். இந்தக் கதையை இரவல் வாங்கித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பதில்லை.

மெட்ராஸுக்குப் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றி அரபிக் கடல் பக்கம் போனது. அங்கேயும் கப்பல்கள் சிக்கின. அக்டோபர் 9 அன்று டியாகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே வந்துசேரவில்லை. வந்தது விருந்தாளி என்று நினைத்து உபசரித்தார்கள். எம்டன்காரர்கள் பதிலுக்குத் தீவில் ஒருவரின் மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். அடியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி, கரி நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலை பினாங்கு. கித்தான் புகைபோக்கியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்து, சுடுவதற்கு முன் ஜெர்மன் கொடியை ஏற்றி, ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை டார்பிடோ போட்டு மூழ்கடித்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் இறந்தார்கள். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. நீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்கள் 36 பேரை நின்று மீட்டார்கள். எதிரிகள் துரத்தி வரக்கூடிய நேரத்தில் நின்று மீட்டார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நவம்பர் 9. கொகோஸ் தீவுகளில் ஒரு தந்தி நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் கடலடிக் கம்பிகள் சந்திக்கும் இடம். அதை அறுக்க மியூக்கே தலைமையில் சுமார் ஐம்பது பேரை முல்லர் இறக்கினார். தந்தி நிலையத்துக்காரர்கள் அடிதடிக்குப் போகவில்லை. கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஜெர்மானியர்களும் அப்படியே பார்த்துச் சாய்த்தார்கள். ஆனால் அவர்கள் கரையில் இறங்குவதற்கு முன்பே தந்திக்காரர் ஒருவர் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வேகமெடுத்து வந்தது. அது எம்டனைவிடப் பெரியது, வேகமானது, அதன் பீரங்கிகளும் பெரியவை. கரைக்குப் போன ஆட்களை ஏற்ற நேரமில்லாமல் முல்லர் சண்டைக்குத் திரும்பினார். புகைபோக்கிகள் சாய்ந்து, பீரங்கிகள் ஒவ்வொன்றாக வாயடைத்தபின், மூழ்குவதைவிட மேல் என்று கப்பலைக் கொண்டுபோய் வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றிவிட்டார்.

அவருடைய பெரிய தவறும் அங்கேதான் நடந்தது. கப்பல் பாறையில் கிடக்கிறது, ஆனால் கொடி இறங்கவில்லை. சிட்னியின் கேப்டன் கிளாசப், சரணடைகிறீர்களா என்று கொடிச் சைகையில் கேட்டார். எம்டனில் சைகைப் புத்தகங்களை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். பதில் இல்லை. சிட்னி மறுபடி சுட்டது. அந்தக் கடைசிக் குண்டுகளிலும் ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளைத் துணி ஏறியது. மொத்தத்தில் எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள், சிட்னியில் நான்கு பேர். மற்றவர்களின் உயிரை அத்தனை கவனமாகப் பார்த்த மனிதர், தன் ஆட்களுக்கு அந்தச் சில நிமிடங்களில் ஒரு கொடியை இறக்கத் தவறினார். அவரைப் போற்றி எழுதுபவர்கள் இந்தப் பகுதியை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக்கூடாது என்று நினைக்கிறேன்.

கரையில் விடுபட்ட மியூக்கேயின் குழு, அங்கிருந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறி சுமத்ரா, அரேபியா என்று சுற்றி கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

முல்லர் மால்டாவில் கைதியாக இருந்தார். 1916இல் தன் ஆட்களிடமிருந்து பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். நாட்டிங்காம் பக்கம் சட்டன் பானிங்டன் என்ற ஊரில், விவசாயக் கல்லூரிக் கட்டடம் ஒன்றில் அமைந்த கைதி முகாம். 1917 செப்டம்பரில் அங்கிருந்து இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். தலைமை முல்லர். எல்லோரும் பிடிபட்டார்கள். இங்கிலாந்துக் குளிரில் பழைய மலேரியா திரும்பத் திரும்ப வந்து படுத்தியது. உடல்நிலை மோசமானதால் 1918 தொடக்கத்தில் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள்.

அந்த வருடம் மார்ச்சில்தான் பூர் லெ மெரித் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. பிரஷ்ய ராணுவத்தின் உச்ச விருது அது. மாமன்னர் ஃபிரெடெரிக் 1740இல் ஏற்படுத்தியது. அன்றைய அரசவையில் பிரெஞ்சு பேசியதால் ஜெர்மன் விருதுக்குப் பிரெஞ்சுப் பெயர். நீல நிறச் சிலுவை, கழுத்தில் அணிவது. இரும்புச் சிலுவை என்ற விருதை முன்பே கொடுத்துவிட்டார்கள். இது மட்டும் மூன்று வருடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. கப்பலை இழந்த கேப்டனுக்கு உச்ச விருதா என்ற கேள்வி எந்தக் கடற்படையிலும் எழத்தான் செய்யும்.

1919இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றார். எம்டனின் கதை அப்போது ஜெர்மனியில் நன்றாக விற்கும் சரக்கு. மியூக்கே உட்பட மற்றவர்கள் எழுதினார்கள். முல்லர் மறுத்துவிட்டார். தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதாகத் தோன்றும், தன்னால் முடியாது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கொஞ்ச காலம் இருந்தார். 1923 மார்ச் 11 அன்று இறந்தார். ஐம்பது வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. பீரங்கிகளிலும் கைதி முகாமிலும் பிழைத்தவரைக் கடைசியில் அந்த மலேரியாதான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்தின் ஹைட் பூங்காவில் இன்றும் நிற்கிறது. நமக்குக் கிடைத்தது நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டும், ஒரு சொல்லும். பாட்டியிடம் இந்தக் கதையை முழுதாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றை மட்டும் கட்டாயம் ரசித்திருப்பார். எம்டனில் போரிட்டவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மானிய அரசு அனுமதித்தது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வரும் பெயராக. ஆக, அங்கேயும் வீட்டுக்கு வீடு எம்டன் என்று தாத்தாக்கள் இருந்திருக்கிறார்கள்.